பச்சை மையில் குறித்த நாள்

அந்த ஆண்டு எங்கள் மேலாளரின் அறையில் தொங்கிய தினசரிக் காலண்டரில் தை மாதத்து வியாழக்கிழமை ஒன்று இல்லை. புதன் இருந்தது, வெள்ளி இருந்தது. நடுவிலிருந்த நாளை அவர் முன்கூட்டியே கிழித்து, அதன் பின்பக்கத்தில் பச்சை மையால் இரண்டு வாக்கியம் எழுதி, நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தோடு குண்டூசியில் குத்தித் திருப்பி அனுப்பினார். "நாள் குறித்தாயிற்று. மாற்ற வேண்டாம்." கீழே கையெழுத்து இல்லை. பச்சை மைதான் அவருக்குக் கையெழுத்து. அந்த அலுவலகத்தில் வேறு யாரும் பச்சையில் எழுதக் கூடாது. தாளின் முன்பக்கத்தில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் வழக்கம்போல அச்சாகியிருந்தன. அன்றைய நட்சத்திரத்தைச் சுற்றி மட்டும் ஒரு பச்சை வட்டம். அது அவருடைய ஜென்ம நட்சத்திரம். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. ரேஷன் கார்டும் கல்லூரிச் சான்றிதழ்களும் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையில், அவற்றுக்குக் கொடுக்கும் மரியாதையோடு அதையும் வைத்திருக்கிறேன்.

வருகிற தையில் அவருக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் மணிவிழா. மாலை மாற்றி, கலச அபிஷேகம் செய்து, மறுபடியும் தாலி கட்டி, வந்தவர்களுக்கு இலை போட்டு, தாம்பூலப் பை கொடுத்து அனுப்பப் போகிறார்கள். அந்தப் பையில் தேங்காயோடு ஒரு மணிவிழா மலரும் இருக்குமாம். அவரிடம் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் "இனிய நினைவுகளாக" எழுதித் தர வேண்டுமென்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. என்னிடமும் கேட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படித்தான் இருந்தது எனக்கு. இரண்டு பக்கத்தில் அடங்காது, பரவாயில்லையா என்று மட்டும் கேட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்க என்று பதில் வந்தது. இது அதுதான்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெல் அறுவடை மிஷின்களை வாடகைக்கு அனுப்பும் நிறுவனம் அது. தஞ்சாவூரில் புறவழிச் சாலை ஓரத்தில் அலுவலகம். பூதலூரிலிருந்து வலங்கைமான் தாண்டி மயிலாடுதுறை வரைக்கும் எங்கள் வண்டிகள் போகும். மிஷினுக்குத் தரகர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். தரகரிடம் போனால் யாருக்குச் செல்வாக்கு உண்டோ அவர் வயலுக்குத்தான் முதலில் வண்டி. எங்களிடம் ஒரே சட்டம். கார்த்திகையில் பதிவு திறப்போம், யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்கு முதல் வண்டி. மூன்று மா நிலம் வைத்திருப்பவரும் மூன்று வேலி வைத்திருப்பவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். சம்பா கதிர் முற்றி, மேகம் கறுத்துக்கொண்டு வரும் நாளில் இந்த வரிசைக்கு என்ன மதிப்பு என்று டெல்டாவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் முந்தினால் நெல் வீட்டுக்கு வரும், ஒரு நாள் பிந்தினால் வயலில் படுத்து முளைத்துவிடும். வாடகையில் நாங்கள் தரகரைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அந்த வரிசையை நம்பித்தான் ஜனங்கள் எங்களிடம் வந்தார்கள்.

அந்த வரிசை ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதற்கு நான் பொறுப்பு. பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள், அதன் மேல் எனக்கு முன்னால் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு சின்னப் புரோகிராம், இரண்டையும் ஓடவைத்துக் காலையில் அன்றைய பட்டியலை அச்செடுத்து வண்டிப் பொறுப்பாளரிடம் கொடுப்பது என் வேலை. வண்டிப் பொறுப்பாளர் கனத்த குரல் உள்ள நல்ல மனிதர். பட்டியலைக் கையில் வாங்கியதும் மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் படிப்பார். எந்த டிரைவர் எந்த ஊருக்குப் போக வேண்டுமென்பது அவர் வாயிலிருந்துதான் வரும். அவருக்கு மேலே மேலாளர். மேலாளருக்கு மேலே யாரும் இருந்ததாக மேலாளர் நினைத்ததில்லை.

நாங்கள் வைத்திருந்தது பழைய பதிப்பு. இந்த மென்பொருள்களைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு பதிப்பையும் சில ஆண்டுகள்தான் பார்த்துக்கொள்வார்கள். ஓட்டை தெரிந்தால் அடைத்துக் கொடுப்பார்கள். பிறகு, இனி இதை நாங்கள் தொடமாட்டோம், புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். மாறுவது கஷ்டமான காரியமில்லை. எப்போது மாறுவது என்பதுதான் கஷ்டம். புதிய பதிப்பு வந்த அன்றே பாய்ந்து விழக் கூடாது, அதன் குறைகளை ஊரார் கண்டுபிடித்து அவர்கள் சரிசெய்யட்டும் என்று கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்காகக் கடைசி நாள் வரைக்கும் தூங்கவும் கூடாது. ஒரு நகலை வைத்து ஒரு மாதமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வேலை கொழுந்துவிட்டு எரியும் நேரத்தில் அதில் கை வைக்கவே கூடாது. எங்களுக்கு அந்த ஓய்வு நேரம் சித்திரை, வைகாசி. வயல் காய்ந்து கிடக்கும், மிஷின்கள் ஷெட்டில் நிற்கும், வாய்க்காலில் ஆடு மேயும்.

இரண்டு சித்திரையில் அவரிடம் கேட்டேன். முதல் தடவை, "ஓடுற தண்ணிய எதுக்கும்மா மறிக்கணும்? நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு" என்றார். இரண்டாவது தடவை, "தண்ணி வர்றதுக்கு முன்னாடிதானே சார் வாய்க்கால்ல தூர் வாருவாங்க? வந்தப்புறமா வாருவாங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "வெவசாயி வீட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சா இப்படித்தான் பேசும்" என்று பக்கத்திலிருந்த வண்டிப் பொறுப்பாளரிடம் சொன்னார். அவரும் சிரித்து வைத்தார். மேலாளர் சிரித்தால் கூடச் சிரிப்பது அந்த அலுவலகத்தில் எழுதாத விதி. நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மூன்றாவது ஆண்டு, எங்களுக்கு மென்பொருள் உதவி செய்யும் வெளி நிறுவனம் ஆடி மாதமே எழுதிவிட்டது. கார்த்திகையோடு பழைய பதிப்பின் பராமரிப்பு முடிகிறது என்றது கடிதம். மேலாளர் அதை ஐந்து மாதம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். மார்கழியில் இயக்குநர்கள் கூட்டத்தில் யாரோ அதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும், பொங்கல் முடிந்த கையோடு மாற்றிவிடுகிறேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். தை என்றால் சம்பா அறுவடை. எங்கள் எல்லா வண்டிகளும் வயலில் இருக்கும் மாதம். உட்கார்ந்து விளக்கமாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். மாத்திரை அட்டையில் போட்ட தேதி முடிந்த மறுநாளே மாத்திரை விஷமாகிவிடுவதில்லை, வெளித் தொடர்பைத் துண்டித்துவிட்டுச் சித்திரை வரைக்கும் பழையதையே ஓட்டலாம், அந்த நான்கு மாத ஆபத்தைவிட அறுவடையின் நடுவில் மாற்றுவது பெரிய ஆபத்து என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நகலில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்காமல் மாற்றினால் பட்டியலுக்குப் பொறுப்பு சொல்ல முடியாது என்றும் கடைசியில் எழுதினேன். அதற்குப் பதிலாகத்தான் அந்தக் காலண்டர் தாள் வந்தது.

நேரில் போய்க் கேட்டேன். "சுபமுகூர்த்தம்மா. நம்ம பொறந்த நாளும் அன்னிக்குத்தான். பெரியவங்கள்லாம் வர்றேன்னுட்டாங்க" என்றார். சோதித்துப் பார்க்க நேரம் வேண்டுமே என்றேன். "அதெல்லாம் அன்னிக்கே பாத்துக்கலாம்" என்றார். அவருடைய பிறந்த நாளும் ஒரு டேட்டாபேஸும் ஏன் ஒரே நாளில் புதிதாக வேண்டும் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு அப்போது இல்லை. இப்போது இருக்கிறது.

இதற்கு நடுவில் போகி வந்தது. பழையதைக் கழிக்கும் நாள். எல்லா அலுவலகத்திலும் ஒட்டடை அடித்துப் பழைய காகிதங்களை வெளியேற்றுவார்கள். மேலாளர் ஒருபடி மேலே போனார். என் மேஜைக்கடியில் பழைய பதிப்பின் முழு நகலோடு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. புதியது சண்டித்தனம் செய்தால் ஒரு மணி நேரத்தில் பழையபடி திரும்பிவிட நான் தயார் செய்து வைத்திருந்த வழி அது. நான் இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, "புதுசு வர்ற எடத்துல பழசு இருந்தா விளங்காது" என்று சொல்லி, உடைந்த நாற்காலிகளோடும் பழைய ஃபேன்களோடும் அதையும் காயலான் கடை வண்டியில் ஏற்றிவிட்டார். பதிவுகள் வேறொரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றைப் போட்டு ஓட்டப் பழைய பதிப்போடு ஒரு பெட்டி இல்லை. பொங்கல் கழிந்து வந்து பார்த்தேன். மேஜைக்கடியில் கோலப்பொடி தூவிச் சுத்தமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை ஷெட் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சர்வர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. அதன் காற்றுத் துவாரத்தில் சந்தனம் இறங்காமல் நான் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். ஹோமப் புகையில் கண் எரிய, நல்ல நேரம் முடிவதற்குள் மாற்றி முடித்தேன். திரையில் புதிய பதிப்பு எழுந்து வந்ததும் கைதட்டினார்கள். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மேலாளருக்கு யாரோ பொன்னாடை போர்த்தினார்கள். மறுநாளைக்கான பட்டியலை அவரே பொத்தானை அழுத்தி அச்செடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அழகாக வந்தது, பதிந்தவர்களின் போனுக்கும் அந்த எண் மெசேஜாகப் போனது. எல்லோர் கையிலும் லட்டு.

அந்தப் பட்டியலில் எண்கள் சரி, பெயர்களின் வரிசை தப்பு. காரணம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பழைய புரோகிராம் டேட்டாபேஸிடம் "பட்டியலைக் கொடு" என்று மட்டும் கேட்டது, "பதிந்த வரிசையில் கொடு" என்று கேட்கவில்லை. பழைய பதிப்பு கேட்காமலே பதிந்த வரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தது. அது அதன் பழக்கம், யாருக்கும் கொடுத்த வாக்கு இல்லை. கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் இலையிலிருந்து கடைசி இலை வரைக்கும் போவது போல. புதிய பதிப்பு வேகமானது. நான்கு ஆட்கள் நான்கு பக்கமிருந்தும் பரிமாறத் தொடங்குவார்கள். முதலில் உட்கார்ந்தவருக்கு முதலில் போடு என்று நாம் சொல்லாவிட்டால் அவர்கள் அதைப் பார்க்க மாட்டார்கள். வந்த வரிசைக்குப் புரோகிராம் ஒன்று இரண்டு என்று எண் போட்டுவிட்டது. எண்ணைப் பார்த்தவர்கள் வரிசை என்று நம்பினார்கள். ஒரு மாதம் நகலில் ஓட்டியிருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பேன்.

என் அண்ணன் வலங்கைமான் பக்கம் சாலையோரமாக ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சம்பா போட்டிருந்தான். பதிவு திறந்தபோது என்னிடம் கேட்டான், கொஞ்சம் முன்னால் போட்டுக்கொடேன் என்று. வரிசையில் வா என்று சொல்லிவிட்டேன். "தங்கச்சி அங்க இருந்து என்ன பிரயோசனம்?" என்று கேலி செய்துவிட்டு வரிசையில் போய்ப் பதிந்தான். அவன் வட்டாரப் பட்டியலில் நாற்பத்து மூன்றாவது. அவனுக்கு அடுத்த வயல்காரம்மா, கணவர் போன பிறகு தனியாக நின்று விவசாயம் பார்ப்பவர், பதிவு திறந்த அன்று காலையிலேயே பஸ் ஏறி வந்து மூன்றாவதாகப் பதிந்தவர்.

விழா நடந்த அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். "என்னம்மா, நாளைக்கு மொத வண்டி நமக்குன்னு மெசேஜ் வந்திருக்கு. அண்ணனுக்கு மொத மரியாதையா?" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் விருந்தினர்களுக்குப் புரோகிராமைக் காட்டிக்கொண்டிருந்தேன். "வண்டி வந்தா அறுத்துக்கண்ணே, எனக்கு வேலை இருக்கு" என்று வைத்துவிட்டேன். நாற்பத்து மூன்று எப்படி ஒன்றானது என்று அந்த நிமிடம் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இந்தக் கதையில் என் பங்கு இது. மறைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வண்டி அண்ணன் வயலில் இறங்கியது. சாலையோர வயல், பக்கத்தில் பஸ் நிறுத்தம். ஊரே பார்த்தது. சனிக்கிழமை எல்லாப் பக்கமிருந்தும் போன் வரத் தொடங்கியது. மூன்றாவதாகப் பதிந்தவருக்கு அறுபது என்று மெசேஜ், ஐந்தாவதாகப் பதிந்தவரின் பெயர் அன்றைய பட்டியலிலேயே இல்லை. வண்டிப் பொறுப்பாளர் பட்டியலைத் தட்டுவதை விட்டுவிட்டு அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலாளரிடம் ஓடினேன். வண்டிகளை ஒரு நாள் நிறுத்துங்கள், என்னவென்று பார்க்கிறேன் என்றேன். "ஹோமம் பண்ணி வச்ச சிஸ்டம்மா. அதுல என்ன தப்பு வரும்? நம்மள கேலி பண்ணிடுவாங்க" என்றார். அன்று அந்தப் பழைய பெட்டி என் மேஜைக்கடியில் இருந்திருந்தால் மதியத்துக்குள் சரியான பட்டியல் கையில் இருந்திருக்கும், காரணத்தை நிதானமாகத் தேடியிருப்பேன். திரும்பும் வழி காயலான் கடையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் காரணம் புரிந்தது. ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. பத்து நிமிட வேலை. நான் சேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது ஷெட் தகரத்தில் மழை விழ ஆரம்பித்திருந்தது.

காலந்தவறி வந்த அந்த மழை நான்கு நாள் விடவில்லை. வயலில் தண்ணீர் நிற்க, மிஷின் இறங்க வழியில்லை. கதிர் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே முளைவிட்டது. அடுத்த வயல்காரம்மா வரப்பில் நின்று என் அண்ணியிடம் சொன்னாராம்: "ஒங்க நாத்தனா கையில கம்ப்யூட்டர் இருக்கு. எங்க கையில என்னா இருக்கு?" அண்ணி அதை எனக்கு அப்படியே போனில் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எனக்குத் தானாகப் போன் செய்ததில்லை.

மழை விட்டதும் இருபது முப்பது பேர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. ஆளுக்கு ஒரு பிடி முளைத்த கதிரைக் கொண்டுவந்து மேலாளர் மேஜையில் வைத்தார்கள். அந்தக் கண்ணாடி மேஜை பச்சைப் பசேலென்று ஆனது. மேலாளர் விழா அன்று அச்செடுத்த பட்டியலைக் கேட்டு வாங்கினார். முதல் பெயரில் விரல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இது யாரும்மா?" என்று என்னைக் கேட்டார். அவருக்குத் தெரியும். என் அண்ணன் பொங்கல் கரும்பு கொண்டுவந்து அவர் காரில் வைத்தவன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து கை கூப்பினார். "எனக்குத் தெரியாம நடந்துபோச்சுங்க. விசாரிக்கிறேன்" என்றார். எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. வண்டிப் பொறுப்பாளர் தரையைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு உள்ளே போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அந்த ஒரு வரியைக் காட்டினேன், என் விண்ணப்பத்தைக் காட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முட்டாளாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். அவருக்கு முழுவதும் புரிந்தது. "நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா. அவங்களுக்குப் புரியாது. அவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் வேணும்ல?" என்றார். மகளுக்குச் சொல்வது போலத் தணிந்த குரலில் சொன்னார். பிறகு, "கொஞ்ச நாள் லீவுல இரு" என்றார். அந்த லீவு இன்னும் முடியவில்லை. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். எங்கள் குதிரை குழி பறித்து மண்ணும் போட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு அண்ணன் வயலுக்கு உழவு டிராக்டர் கடைசியாக வந்தது. நடவுக்கு ஆள் சொன்னால் இன்று, நாளை என்று இழுத்தார்கள். நில உரிமையாளர் குத்தகையைத் திருப்பிக் கேட்டார். அண்ணன் வளைகுடா நாடொன்றுக்கு வண்டி ஓட்டப் போனான். திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்ப நின்றபோது, நான் ஒன்றும் செய்யவில்லை, அது தானாக நடந்த பிழை என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். என் தலையில் கை வைத்து நிறுத்திவிட்டான். "விடும்மா. எனக்காகத்தானே செஞ்ச. அதுக்கு நான் கோவப்பட முடியுமா?" என்றான். நான் அவன் பையைத் தூக்கிக் கொடுத்தேன். ஊர் என்னைத் திருடி என்றதைத் தாங்கிக்கொண்டேன். அவன் அதை மன்னித்துவிட்டதை இன்று வரைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது நானும் ஒரு தோழியும் சேர்ந்து சின்னதாக ஒரு நிறுவனம் நடத்துகிறோம். பழைய பதிப்பில் இருப்பவர்களைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிடுவதுதான் எங்கள் தொழில். யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு அறுவடை எப்ப?" என்பதைத்தான். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளி என்பார், பள்ளிக்கூடத்தார் ஜூன் என்பார்கள். அதற்கு எதிர்ப்பக்கமாக நாள் வைப்பேன். நகலில் ஒரு மாதம் ஓட்டாமல் தொட மாட்டேன். பழைய பெட்டியை ஒரு வருஷம் பூட்டி வைத்துச் சாவியை என்னிடம் வைத்துக்கொள்வேன். இதெல்லாம் அவரால் வந்த பழக்கம், அந்த வகையில் அவர் எனக்கு நல்லது செய்திருக்கிறார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு நான் காப்பி கொடுப்பதில்லை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுமென்று அன்றே தோன்றியது. அன்று எழுதியிருந்தால் வேலை போன பெண்ணின் புலம்பல் என்று சொல்லியிருப்பார்கள். பகைக்கும் பட்டம் இருக்கிறது. பட்டம் வருமென்று காத்திருந்தேன், வந்துவிட்டது.

மலரைத் தொகுப்பவர் யார் தெரியுமா? வண்டிப் பொறுப்பாளர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பழைய வழக்கப்படி தாளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முழுவதும் படித்தார். "அன்னிக்கு நான் தரையப் பாத்தேன்ல, அதையும் எழுதிட்டியா" என்றார். வேண்டுமானால் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். ஒரு எழுத்து வெட்ட மாட்டேன். அவரு மலரை அச்சுல வந்தப்புறம்தான் பாப்பாரு" என்றார். நான் கொண்டுபோயிருந்த இன்னொரு காகிதத்தையும் கொடுத்தேன். அந்த ஆண்டு வலங்கைமான் வட்டாரத்தில் பதிந்தவர்களின் பட்டியல், பதிந்த வரிசையில். இவர்களுக்கும் ஆளுக்கு ஒரு மலர் போக வேண்டும், இந்த வரிசையிலேயே போக வேண்டும் என்றேன். தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். மூன்றாவது பிரதி அடுத்த வயல்காரம்மாவுக்கு. நாற்பத்து மூன்றாவது பிரதியை மட்டும் என்னிடம் தந்தால் போதும், நான் விமானத் தபாலில் அனுப்பிக்கொள்கிறேன்.

எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். நேற்று மேலாளரே போன் செய்தார். ஏழு ஆண்டில் முதல் தடவை.

"என்னம்மா, நல்லா இருக்கியா? ஏதோ எழுதியிருக்கியாமே?"

"ஆமா சார். இனிய நினைவுகள்."

"பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு? நல்ல நாளும் அதுவுமா, சம்பந்தி வீட்டுக்காரங்கள்லாம் வர்றாங்க. நான் வேணான்னு சொல்லலை. இப்ப வேணாங்கிறேன், அவ்வளவுதான். விழா முடியட்டும். சித்திரையில எழுதிக்கயேன். சித்திரைன்னா எல்லாருக்கும் கொஞ்சம் ஓய்வாவும் இருக்கும்."

சித்திரை. அவர் வாயிலிருந்து. இதைக் கேட்கத்தான் நான் உயிரோடு இருந்தேன் போலிருக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு, தணிந்த குரலில், மகள் அப்பாவுக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

"நாள் குறிச்சாச்சு சார். மாத்த வேண்டாம்."

இன்று காலை பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். குண்டூசி குத்திய இடத்தில் துருக்கறை வட்டமாகப் படிந்திருக்கிறது, மற்றபடி தாள் அப்படியே இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் அதன் முன்பக்கமும் பின்பக்கமும் வர வேண்டுமென்று சொன்னேன். மலர் முழுவதும் கறுப்பு வெள்ளைதானே என்றார்கள். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வண்ணம் போடுங்கள், அதற்கான கூடுதல் செலவு என்னுடையது என்றேன். பச்சை மை பச்சையாகவே தெரிய வேண்டும்.